தனம் அக்கா எதிரில் வந்த பூங்கா

அன்றைக்குக் காலையில் நான் பூங்காவுக்குப் போகவில்லை. முதல் நாள் வேலூருக்குப் பஸ்ஸில் நின்றபடியே போய்வந்ததில் முழங்கால் வீங்கியிருந்தது. அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. நூர்ஜஹான் அக்கா. அது அவர் பூங்காவில் நடக்கிற நேரம், போன் செய்கிற வழக்கமே இல்லை. "கஸ்தூரி, தனம் நம்மள வுட்டுட்டுப் போய்ட்டா. ஆஸ்பத்திரிக்குள்ள கூட கொண்டு போவல. ஆட்டோவுலயே..." என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தனம் அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி நம் நடைப்பயிற்சி சங்கத்தார் கேட்டார்கள். போஸ்டாபீசில் வேலை பார்த்தவள், எழுத வரும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அங்கே மற்றவர்கள் எழுதியதன் மேல் நாங்கள் முத்திரைதான் குத்தினோம். இருந்தாலும் மறுக்க மனம் வரவில்லை. அக்கா நல்லவர், வல்லவர் என்று நான் எழுதப் போவதில்லை. அப்படி எழுதினால் அக்காவுக்கே பிடிக்காது. நம் பூங்காவில் அவரைத் தினமும் பார்த்த உங்களுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன்.

இந்தப் பூங்கா முன்பு தோல் காயப்போடுகிற மைதானமாக இருந்தது என்று உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். ஒரு தோல் மண்டிக்காரர் குடும்பம் இடத்தை நகராட்சிக்குக் கொடுத்தது. நடுவில் எட்டுப் பட்டையாக ஒரு ரேடியோ அறை கட்டி, மேலே குழாய் ஸ்பீக்கர் வைத்தார்கள். சாயங்காலம் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து செய்தி கேட்பார்கள். பெண்கள் வேலிக்கு வெளியே நடந்துபோகும்போது காதில் விழுந்ததோடு சரி. வீடுகளில் டிவி வந்த பிறகு ரேடியோ ஊமையானது, பூங்காவும் பாழடைந்தது. சீட்டாடுகிறவர்களும் ஆடுகளும்தான் உள்ளே போய்வந்தார்கள்.

பெண்களை உள்ளே கொண்டுவந்தவை ஷூ கம்பெனிகள். அங்கே வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொள்ள கம்பெனி பஸ்கள் வந்து நின்றது பூங்கா கேட்டுக்குப் பக்கத்தில். விடியற்காலையில் சோற்றுப்பையோடு அத்தனை பேரும் ரோட்டோரம் நிற்பார்கள். பேரணாம்பட்டு பக்கம் போகிற லாரிகள் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போகும். தனம் அக்கா அப்போது தோலுக்குப் பசை தடவுகிற பேஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தார். ஒரு மழைநாளில் வாட்ச்மேனிடம் கேட்டைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்.

"ஆர்டர் இல்லாம தொறக்கக் கூடாதும்மா" என்றாராம் அவர்.

"ஆர்டர் வர்ற வரைக்கும் மழைய நிறுத்தி வெச்சிக்கறியா?" என்று கேட்டாராம் அக்கா.

அடுத்த விடுமுறை நாளில் அக்கா ஒரு கூட்டத்தையே திரட்டிக்கொண்டு நகராட்சித் தலைவர் வீட்டுக்குப் போனார். தலைவரின் மனைவி எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்து, "பாவம், பொம்பளைங்க மழைல நிக்கிறாங்களே" என்று கணவரைத் திட்டியிருக்கிறார். கேட் திறந்தது. அதன்பின் பஸ் வரும்வரை பெண்கள் ரேடியோ அறைத் திண்டில் உட்கார்ந்தார்கள், பூ கட்டினார்கள், ஒருவருக்கொருவர் தலை பின்னிவிட்டார்கள். பிற்பாடு அரசுத் திட்டப் பணம் வந்து, நடைபாதைக்குக் கல் பதித்து, விளக்குப் போட்டு, திறப்பு விழாவும் நடத்தினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே பூங்கா திறந்தாகிவிட்டது என்று அக்கா சொல்வார். அது உண்மைதான்.

நான் அங்கே போக ஆரம்பித்தது என் கணவர் இறந்த பிறகு. வீட்டில் இருக்க முடியாமல் நடந்தேன். யாரையும் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டே நடப்பேன். எதிர்ப்பக்கமாக ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார், குள்ளமாக, பெரிய குங்குமப் பொட்டோடு, காலில் ஆண்கள் போடுகிற ஷூ. இரண்டு முறை கடந்துபோனார். அடுத்த முறை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வழியை மறித்துவிட்டார்.

"யாரும்மா நீ? உன் மூஞ்சே சரியில்ல."

"போஸ்டாபீஸ்ல இருந்தேன்" என்றேன்.

"அது வேல. உனுக்கு இன்னா ஆச்சி, அத சொல்லு."

அத்தனை நாளாக வந்து துக்கம் விசாரித்தவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னவள் நான். முன்பின் தெரியாத அந்த அம்மாவிடம் அழுதுவிட்டேன். குழாயடி பெஞ்சில் உட்கார வைத்து, தன் டப்பாவிலிருந்த இட்லியைக் கொடுத்து, கடைசி விள்ளல் உள்ளே போகும்வரை எதிரிலேயே நின்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் 'போஸ்டாபீஸ்' ஆனேன். என் பெயர் அவருக்குத் தெரியும். ஒரு நாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நம் பூங்காவின் வழக்கத்தை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கொஞ்சம் சிரமம். இங்கே இரண்டு திசையிலும் நடப்போம். இந்துக்களில் பெரும்பாலோர் கோயிலைச் சுற்றுகிற பழக்கத்தில் வலமாகப் போவார்கள். முஸ்லிம்கள் அதற்கு எதிராக வருவார்கள். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படுகிறவர்கள் முன்கூட்டியே இங்கே நடந்து பழகுவது உண்டு. அங்கே சுற்றுகிற திசையிலேயே இங்கேயும் சுற்றி, மற்றவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. யாரும் பேசி வைத்ததில்லை. இரு தரப்பும் சுற்றி வந்தது என்னவோ ஒரு பழுதான ரேடியோ அறையைத்தான். கிறிஸ்தவர்கள் அன்றைக்கு யாரோடு பேச்சு இருக்கிறதோ அந்தப் பக்கம் நடப்பார்கள்.

நூர்ஜஹான் அக்காவும் தனம் அக்காவும் கம்பெனியில் ஒரே டேபிளின் எதிரெதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோலுக்குப் பசை தடவியவர்கள். மெஷின் சத்தத்தில் பேச முடியாது. சத்தம் ஓயும் நேரம் பார்த்து ஒரு வார்த்தை, பிறகு கொஞ்ச நேரம் கழித்து ஒரு வார்த்தை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சேர்ந்து நடந்தால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். "பக்கத்துல நடந்தா அவ மூஞ்சி எங்க தெரியும்?" என்றார் தனம் அக்கா. ஆளுக்கொரு திசையில் நடப்பார்கள். எதிர்ப்படும்போது நிற்காமலே ஒருவர் ஒரு வாக்கியம் சொல்வார். மற்றவர் அதற்கு அரைச் சுற்றுக்கு அப்பால் பதில் சொல்வார்.

"மருமக நேத்து பிரியாணி செஞ்சா" என்பார் நூர்ஜஹான் அக்கா. ரேடியோ அறைக்கு அந்தப் பக்கத்தில், "எப்டி இருந்துச்சி?" மறுபடி இந்தப் பக்கத்தில், "குழஞ்சி போச்சி. நான் ஒண்ணும் சொல்லல." அந்தப் பக்கத்தில், "நீயி? ஒண்ணும் சொல்லல?" பின்னால் நடந்துகொண்டிருக்கிற நாங்களும் அடுத்த வாக்கியத்துக்காக வேகத்தைக் கூட்டுவோம். உங்களில் பலர் இதை எல்லாம் கேட்டுச் சிரித்தவர்கள்தான்.

இப்போது அம்புக்குறி விவகாரத்துக்கு வருகிறேன். நம் சங்கத் தலைவர் முரளியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "எழுதுங்க ஆன்ட்டி, நடந்ததுதானே" என்று அவரே சொல்லிவிட்டார். போனைப் பார்த்துக்கொண்டே நடந்த ஒருவர் எதிரில் வந்த பெரியவர் மேல் மோதி, பெரியவரின் கண்ணாடி உடைந்தது. முரளிக்கு மனசு கேட்கவில்லை. பெங்களூரில் ஒரு பூங்காவில் எல்லோரும் ஒரே திசையில் நடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். தன் செலவில் நடைபாதை முழுவதும் மஞ்சள் அம்புக்குறி வரைந்து, 'ஒரே திசையில் நடக்கவும்' என்று போர்டும் வைத்தார். தான் எந்தப் பக்கம் நடப்பாரோ அந்தப் பக்கத்துக்கே அம்பு போட்டார். வேறு எதுவும் அவர் நினைக்கவில்லை. அதை நான் யார் முன்னாலும் சொல்வேன்.

மறுநாள் காலையில் பாதிப் பேர் ராங் சைடில் வருகிறவர்கள் ஆகிவிட்டார்கள். முதலில் கேலி, பிறகு "போர்டு கண்ணுக்குத் தெரியலையா" என்ற பேச்சு. சங்கத்தின் வாட்சப் குரூப்பில் பூங்காவுக்கு ஒருநாளும் வராதவர்கள் எல்லாம் கருத்துச் சொன்னார்கள். அவர்கள் எழுதியதை இங்கே எடுத்து எழுத எனக்கு விருப்பமில்லை. சில நாளில் முஸ்லிம் ஆண்கள் ஹைவே சர்வீஸ் ரோட்டில் நடக்கப் போய்விட்டார்கள். பெண்கள் வீட்டோடு நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு இந்தப் பூங்காவை விட்டால் வேறு இடம் இல்லை. நூர்ஜஹான் அக்காவும் வரவில்லை.

தனம் அக்காவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். மகன் சாதிக்தான் வாசலில் வந்து பேசினார். அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவர் தனம் அக்கா. நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"தனம்மா, உங்க மேல எங்களுக்கு இன்னா கோவம்? அங்க அம்மாவ யாரோ ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லிட்டான்னா என்னால தாங்க முடியாது. நான் எதுனா பேசிடுவேன். அப்றம் அது எங்கயோ போய் நிக்கும். வேணாம்மா."

சாதிக் சொன்னதில் தப்பு இல்லை. நூர்ஜஹான் அக்கா கதவுக்குப் பின்னால் நின்றார். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "மாடில நடக்கறேன் தனம். நாலு அடி வெச்சா செவுரு வந்துடுது" என்றார்.

அடுத்த நாள் காலையில் தனம் அக்கா அம்புக்கு எதிராக நடந்தார். நெற்றியில் அந்தப் பெரிய பொட்டோடு, தினமும் நூர்ஜஹான் அக்கா வருகிற திசையில் வந்தார். "அக்கா, ராங்ல வர்றீங்க" என்றார்கள். "தெரியும், நீ போ" என்றார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர், "அவங்களுக்காக நீங்க ஏம்மா நடக்கறீங்க?" என்று குத்தலாகக் கேட்டார். அக்கா நின்றார்.

"எல்லாரும் ஒரே பக்கம் போனா எனுக்கு இன்னா தெரியும்? முன்னால போறவன் முதுகு தெரியும். நீ நேத்து அழுதியா, சாப்ட்டியா, உடம்பு முடியாம இருக்கியான்னு முதுக பாத்து சொல்ல முடியுமா? நூரு வராத பார்க்குல நான் யார் மூஞ்சிய பாக்கறது?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்டவர் நடையைக் கட்டினார்.

முரளி அதற்குள் பாதி ஆளாக இளைத்துவிட்டார். அக்காவிடம் வந்து, "மோதிக்கக் கூடாதுன்னுதான் போட்டேன்க்கா. இப்டி ஆவும்னு சத்தியமா தெரியாது. அழிச்சிடட்டா?" என்று கேட்டார்.

"அழிக்காத. அழிச்சா ஒருத்தன் தோத்துட்டான்னு இன்னொருத்தன் பேசுவான். பெயிண்ட் மிச்சம் கீதா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்தார். கம்பெனியில் பசை தடவிய கைக்குப் பிரஷ் எம்மாத்திரம்? ஒவ்வொரு அம்புக்கும் வால் இருந்த இடத்தில் இன்னொரு தலை வரைந்துகொண்டே போனார். முரளி பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தார். எல்லா அம்பும் இரண்டு பக்கமும் காட்டின. நடுவில் ஒரு கோடு போட்டார்கள். போர்டில் 'ஒரே திசையில்' என்பதை மறைத்துவிட்டு, 'எதிரில் வருபவரைப் பார்த்து நடக்கவும்' என்று மாற்றினார்கள். அக்காவின் அம்புத் தலைகள் சில கோணலாகத்தான் இருந்தன. அதைச் சொன்ன என்னை முறைத்தார்.

உடனே யாரும் வந்துவிடவில்லை. அக்கா தினமும் கேட்டைப் பார்த்துக்கொண்டே நடப்பார். மற்றவர்களிடம் எரிந்து விழுவார். "பேஜாரா கீது போஸ்டாபீஸ், நாளைலேர்ந்து நான் வரல" என்று சொல்லிவிட்டு மறுநாள் எனக்கு முன்னால் வந்து நிற்பார். ஒரு காலையில் சாதிக் தனியாக வந்தார். தன் வழக்கப்படி எதிர்த்திசையில் ஒரு சுற்று நடந்தார். வந்தவர் போனவர் எல்லாம் சலாமோ வணக்கமோ சொல்ல, அவரும் சொல்லிக்கொண்டே நடந்தார். முரளி நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சாதிக் அந்த ஒரு சுற்றோடு வெளியே போய்விட்டார். அடுத்த நாள் பைக்கில் அம்மாவைக் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டார்.

அக்கா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார் என்று நான் நினைத்தேன். அவர் உடனே திரும்பித் தன் பழைய திசையில் நடக்க ஆரம்பித்தார். நூர்ஜஹான் அக்கா அதற்கு எதிர்த்திசையில் நடந்தார். ரேடியோ அறைக்குப் பின்னால் எதிர்ப்பட்டபோது, "மெலிஞ்சிட்ட" என்றார் தனம் அக்கா. அரைச் சுற்று கழித்து, "நீயுந்தான்" என்றார் நூர்ஜஹான் அக்கா. அவ்வளவுதான். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. மற்ற பெண்களும் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள்.

அக்காவிடம் குறைகள் இல்லாமல் இல்லை. உடற்பயிற்சிக் கருவிகளில் யார் ஏறினாலும் கீழே இருந்து ஆணையிடுவார். தன்னைப் பிறர் ஒரு சொல் சொன்னால் மாதக்கணக்கில் மறக்கமாட்டார். நெஞ்சில் வலி இருந்ததை மகளிடமும் என்னிடமும் மறைத்திருக்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கடைசிக் காலையைப் பற்றி நூர்ஜஹான் அக்கா சொன்னதுதான் எனக்குத் தெரியும். கேட் பக்கம் இருவரும் எதிர்ப்பட்டபோது, "நூரு, நாளைக்கு வரும்போது மறக்காம எடுத்துட்டு வந்துடு" என்று தனம் அக்கா சொல்லியிருக்கிறார். எதை என்று இவர் திரும்பிக் கேட்கவில்லை. அரைச் சுற்றில் கேட்டுக்கொள்ளலாம் என்று நடந்திருக்கிறார். ரேடியோ அறைக்குப் பின்னால் அக்கா வரவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தபோது குழாயடி பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதற்குக் கண் திறந்தார், பேசவில்லை. முரளிதான் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்.

மதியம் அக்காவின் வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்த பெண்கள் வாசல்வரை நின்றார்கள். நூர்ஜஹான் அக்கா ஒரு பெரிய பையைச் சுமந்துகொண்டு வந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள். அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எப்போதோ குழம்பு கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கு. மழைக்கு வாங்கிப்போன குடை. முழங்காலுக்குப் போடுகிற பட்டை. இட்லித் துணி. ஒரு பழைய ஸ்வெட்டர். அக்காவுடைய பொருள் என்று தன் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார்.

"எதன்னு சொல்லாம போய்ட்டியேடி. எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டேன். இதுல எதுடி?" என்று கேட்டார்.

அக்காவின் மகள் வந்து அவரைப் பிடித்துக்கொண்டார். எதைக் கேட்டார் என்று மகளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் நான் பூங்காவுக்குப் போனேன். நூர்ஜஹான் அக்கா முன்பே வந்து நடந்துகொண்டிருந்தார். நான் தனம் அக்காவின் திசையில் நடந்தேன். எதிர்ப்பட்டபோது வழக்கம்போல ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நகரத்தான் நினைத்தேன். கால் வரவில்லை. நின்றுவிட்டேன். அவரும் நின்றார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தனம் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது எதிரில் வருகிறவர் முகத்தைப் பார்ப்பது. அதோடு, அவர் போன விதத்தால் நான் கற்றுக்கொண்டது ஒன்றும் உண்டு. சொல்ல வந்ததை நின்று, முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் சொன்னது இதுதான்:

"நூரக்கா, தனம் அக்கா இல்லாத பார்க்குல எனக்கு நடக்கப் புடிக்கல. நீங்க தனியா நடப்பீங்களேன்னுதான் வந்தேன்."

"நானும் உனுக்காகத்தான் வந்தேன்" என்றார் அவர், அங்கேயே, அப்போதே.